வீண் களைதலும் தலைமைப் பொறுப்பும்

(கூத்தாநல்லூரில் சுற்றுப்புற ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நமக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு, கேட்பதற்கு ஏதோ தொழிற்சாலைச் சமாசாரம் போல் தோன்றும். வேலையில் உள்ள வீணைக் களைந்து, சிறிது சிறிதாக இடைவிடாமல் திருத்தம் செய்துகொண்டே போவது எப்படி, அதற்குத் தலைமை வகிப்பவர்கள் மக்களிடம் நடந்துகொள்ள வேண்டிய முறை யாது என்பதே விஷயம். இத்தகைய திருத்தத்தை ஜப்பானியர்கள் ‘கைசன்’ என்று அழைக்கிறார்கள். வீணுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் ‘முடா’. நம் காதுக்கு அது வசவு போல் ஒலிக்கிறது; பொருளை நினைத்தால் பொருத்தந்தான்.

கூத்தாநல்லூர்க்காரர்களுக்கு இக்கருத்து புதிதன்று. இவ்வூரிலிருந்து பல தலைமுறைகளாகக் கடல் கடந்து சிங்கப்பூரிலும் மலாயாவிலும் வாணிபம் நடத்தியவர்கள் அநேகர். கடையில் முடங்கிக் கிடக்கும் சரக்கு முதலைத் தின்னும் என்பதும், காக்க வைக்கப்பட்ட வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பதும் அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடையில் இவ்வளவு கணக்காக இருக்கும் நாம், களத்திலும் வாய்க்கால் கரையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

எல்லோரும் அறிந்த ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். குறுவை அறுவடை ஆகி, நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு வருகிறோம். ஒருவர் தம் நெல்லுடன் ஆறு நாட்கள் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆறு நாட்களில் அவருடைய நெல்லின் மீது நடக்கும் வேலை என்ன? ஈரப்பதம் பார்த்தல், தூற்றுதல், 40 கிலோ மூட்டையாகப் பிடித்து எடை போடுதல், சாக்கு தைத்தல், அடுக்குதல். எல்லாவற்றையும் கூட்டினாலும் சில மணி நேரந்தான் வரும். மீதி அனைத்தும் காத்திருத்தல். இரவில் காவல், பகலில் பரப்புதல், மேகம் கண்டால் தார்ப்பாய் தேடி ஓடுதல். இதைத்தான் வீண் என்கிறோம்.

இதைத் திருத்தப் புறப்படுகிறவர்கள் சாதாரணமாக முதலில் என்ன கேட்கிறார்கள்? இன்னொரு தூற்றும் இயந்திரம் வேண்டும் என்கிறார்கள். மனுவும் எழுதப்படுகிறது. ஆனால் அங்கே மூட்டை சுமக்கும் தொழிலாளரைக் கேட்டுப் பாருங்கள். அநேக சமயங்களில் அவர் கூறும் காரணம் வேறாக இருக்கும். “பிடித்த மூட்டையை ஏற்றிச் செல்ல லாரி வரவில்லை, அடுக்க இடமில்லை, இடமில்லாமல் எப்படிப் பிடிப்பது?” என்பார். லாரி வராத நிலையத்தில் இரண்டாவது தூற்றும் இயந்திரத்தை வைத்தால் நெல் விரைவாகச் சுத்தமாகும். பின் அது மழையில் விரைவாக நனையும். எங்கே அடைப்பு இருக்கிறதோ அங்கே கை வைக்காமல், கைக்கு எட்டிய இடத்தில் வேலை செய்வதால் பயனில்லை.

லாரி நம் கையில் இல்லை என்று நீங்கள் கூறலாம். உண்மை. அதை உரியவர்களிடம் வற்புறுத்திக் கேட்பது தலைவரின் கடமை. ஆனால் நம் கையில் உள்ளதும் உண்டு. கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேற்படக் கூடாதென்பது பொது விதி. மழைக்காலத்தில் அரசு தளர்வு கேட்டுப் பெறுவதுண்டெனினும், அதை எதிர்பார்த்து நெல்லை அறுக்க முடியாது. இயந்திரத்தால் அறுத்த நெல் ஈரத்தோடு நேரே நிலையத்துக்கு வருகிறது. ஊரில் உலர்களம் இருக்கிறது. அதில் வைக்கோல் போரும், பழுதான டிராக்டரும், சில ஊர்களில் பந்தல் சாமான்களும் இருக்கின்றன. நெல் சாலையில் காய்கிறது. உலர்களத்தைச் செப்டம்பர் மாதத்துக்குள் ஒழித்து வைப்பதற்கு எந்த மேலதிகாரியின் உத்தரவும் தேவையில்லை. அடுத்தடுத்த வயல்காரர்கள் சேர்ந்து அறுவடை நாளைப் பேசி வைத்துக்கொண்டால், மணிக் கணக்கில் வாடகை வாங்கும் பெல்ட் வண்டி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடும் நேரமும் மிச்சமாகும். ஊர் நெல் முழுவதும் ஒரே வாரத்தில் நிலையத்தின் வாசலில் குவிவதும் குறையும். டோக்கன் முறை அதன் பிறகுதான் நன்றாக வேலை செய்யும்.

இவற்றையெல்லாம் யார் அறிவார்கள்? அந்த வேலையைத் தம் கையால் செய்கிறவர்கள் அறிவார்கள். தலைமை வகிப்பவருக்கு முதல் இலக்கணம், அவர்களிடம் போய்க் கேட்கத் தெரிந்திருப்பது. இது தாழ்வன்று. ஆர்தர் காட்டன் 1829-இல் காவிரிப் பகுதிக்கு வந்த எஞ்சினீயர். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் மேலணையைக் கட்டியவர். ஆழங்காண முடியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணையைக் கட்டிய பழைய மனிதர்களிடமிருந்தே கற்றுக்கொண்டதாக அவர் வெளிப்படையாக எழுதி வைத்தார். அந்தப் பாடத்தைப் பின்னர் கோதாவரிக்கும் கொண்டு சென்றார். அவர் காலத்து அதிகாரிகளில் எத்தனை பேர் அவ்வாறு ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்பது ஐயமே.

போய்க் கேட்பது என்றால் ஜீப்பில் அமர்ந்தபடி கேட்பதன்று. நாங்கள் பார்த்த ஓர் ஊரில், கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மூன்று வருஷமாகப் புகார். நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, பாமணியாறு, கோரையாறு என்று நீர் பிரிவதை நீங்கள் அறிவீர்கள். ஆற்றில் தண்ணீர் விடவில்லை என்று ஊரார் கூறினர். வாய்க்காலைத் தூர் வாரவில்லை என்று வேறு சிலர் கூறினர். தூர் வாரியும் தண்ணீர் வரவில்லை. அங்கே நெடுங்காலமாக நீர் பாய்ச்சும் வேலை பார்த்த முதியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, தலைப்பு மதகிலிருந்து கடைசி வயல் வரை வாய்க்கால் கரையோடு நடந்தோம். பாதி வழியில் சாலைக்குக் கீழே போட்டிருந்த குழாயைக் காட்டினார். குழாய் வாய்க்கால் தரைக்கு ஒரு முழம் உயரத்தில் இருந்தது. அதன் முகப்பை நெய்வேலிக் காட்டாமணக்கு அடைத்திருந்தது. “முன்பே சொல்லியிருக்கலாமே, ஐயா?” என்று கேட்டோம். “என்னை யாரும் கேட்கவில்லையே” என்றார். மூன்று வருஷத்துப் புகார்களில் அவர் பெயர் எங்கும் இல்லை. கிராம சபைக் கூட்டங்களில் அவர் பின்வரிசையில் நின்றிருக்கிறார். குழாயை இறக்கிப் போட்ட பிறகு தண்ணீர் கடைசி வயலுக்குப் போயிற்று.

கேட்கும் முறையிலும் நுட்பம் உண்டு. “ஏன் செய்யவில்லை?” என்று தொடங்கினால் எதிரில் உள்ளவர் தம்மைக் காத்துக்கொள்ளவே முயல்வார். “எது தடுக்கிறது?” என்று கேட்டால் விஷயம் வெளிவரும். குற்றவாளியைத் தேடும் கூட்டத்தில் உண்மை பேசப்படுவதில்லை. இதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். இன்னொன்று: ஒருவர் ஒரு குறையைச் சொன்னால், அது தீர்ந்ததா இல்லையா என்பதை அவருக்குத் திரும்ப வந்து சொல்ல வேண்டும். முடியாதென்றால் முடியாதென்றே சொல்ல வேண்டும். பதில் வராத கேள்வியை மக்கள் இரண்டாம் முறை கேட்பதில்லை.

இனி, நம் டெல்டாவிலேயே நடந்த ஒரு பெரிய முயற்சிக்கு வருவோம். அதுதான் செம்மை நெல் சாகுபடி. மடகாஸ்கர் தீவில் ஹென்றி டி லொலானி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1961 முதல் அங்குள்ள விவசாயிகளோடு வாழ்ந்து, அவர்கள் வயல்களைக் கவனித்தார். சிலர் குத்துக்கு ஒரே நாற்றாக நடுவதைப் பார்த்தார். 1983-இல் மழை தவறியபோது, பதினைந்து நாள் நாற்றை நட வேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு ஏற்பட்டது. அந்தப் பயிர் எதிர்பாராத அளவுக்குத் தூர் கட்டியது. இம்முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000-ஆம் ஆண்டில் சோதிக்கத் தொடங்கிற்று. 2003-04-இல் காவிரிப் பகுதியிலும் தாமிரபரணிப் பகுதியிலும் விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே சோதனைகள் நடைபெற்றன. ஹெக்டேருக்குச் சராசரியாக ஒன்றரை டன் வரை விளைச்சல் கூடியது.

முறை யாவருக்கும் தெரிந்ததே. வழக்கமாக ஏக்கருக்கு 25, 30 கிலோ விதை விடுகிறோம். இதற்கு 2 முதல் 3 கிலோ போதும். எட்டு சென்ட் நாற்றங்காலுக்குப் பதில் ஒரு சென்ட் பாய் நாற்றங்கால் போதும். பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுர நடவு. தண்ணீரைத் தேக்கி வைக்காமல், மயிரிழை வெடிப்புக் கண்டபின் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்ட வேண்டும். பத்து நாளைக்கு ஒரு முறை கோனோ களைக்கருவியை ஓட்ட வேண்டும். விதையிலும் தண்ணீரிலும் உள்ள வீணை ஒரே வீச்சில் களையும் முறை இது. அப்படியிருந்தும் பல ஊர்களில் மானியம் நின்றவுடன் முறையும் நின்றது. ஏன்?

எங்கள் அபிப்பிராயத்தில், வேலை செய்கிறவரைக் கேட்காததே முக்கியமான காரணம். நடவுப் பெண்களின் கை, பழைய நாற்றை முடியிலிருந்து கொத்தாகப் பிரித்து விரைந்து நடப் பழகிய கை. ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தக் கூலி பேசி இறங்குகிறவர்களுக்கு, கயிறு பிடித்துச் சதுரத்தில் ஒற்றை நாற்று நடுவது ஆரம்பத்தில் அதிக நேரம் பிடிக்கும். அன்றைய வருமானம் குறையும். களைக்கருவி வந்தால் கைக்களை எடுக்கும் வேலை அவர்களிடமிருந்து போய்விடும். கருவியைத் தள்ளும் வேலை பெரும்பாலும் ஆண்களுக்குப் போகும். நம் களிமண்ணில் அந்தக் கருவி கனமாக ஓடும். இவ்வளவையும் அவர்கள் முதல் நாளே கண்டுகொண்டார்கள். வரப்பில் நின்ற நாம் அதைப் ‘பழக்கவழக்கத்தை விட மறுக்கிறார்கள்’ என்று எழுதிவிட்டோம்.

நிலைத்த இடங்களில் நடந்தது வேறு. நடவுக் குழுவின் தலைவியான பெண்மணியையே முதலில் பயிற்சிக்கு அழைத்தார்கள். முதல் பருவத்தில் ஒரு ஏக்கர் மட்டும் நட்டார்கள். கை பழகும் வரை ஏக்கர்க் கணக்கில்லாமல் நாட்கூலி தந்தார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் கயிற்றைத் தூக்கி நகர்த்துவது சலிப்பென்று அப்பெண்களே சொன்னபின், வரி கீறும் மார்க்கரைக் கொண்டு வந்தார்கள். கனமான கருவிக்குப் பதில் இலகுவானதைத் தேடினார்கள். பிறகு அப்பெண்களே அடுத்த ஊருக்குக் கற்றுக்கொடுக்கப் போனார்கள். எத்தனை ஹெக்டேர் என்று கணக்கெடுப்பதில் காட்டிய அக்கறையை, நடுகிறவரின் கை எப்படிப் போகிறது என்று பார்ப்பதிலும் காட்டியிருந்தால், இன்று இம்முறை இன்னும் பரவலாக இருந்திருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை.

இப்போது சற்றுக் கசப்பான ஒரு விஷயத்தைக் கூற வேண்டியிருக்கிறது. திருத்தத்தால் வரும் லாபம் யாருக்கு என்ற கேள்வியைத் தலைமை வகிப்பவர் ஒதுக்கி வைக்க முடியாது. தஞ்சை ஜில்லா இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1960-இல் தீவிர விவசாய ஜில்லாத் திட்டம் நாட்டில் ஏழு ஜில்லாக்களில் தொடங்கப்பட்டபோது, தஞ்சாவூரும் அவற்றில் ஒன்று. பாக்கேஜ் திட்டம் என்று அதைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். விதை, உரம், கடன், ஆலோசனை யாவும் ஒன்றாக வந்தன. அந்தப் பத்தாண்டுகளின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால ரகம் குறுவையில் பரவிற்று. வயலில் நெல் கூடியது. அறுத்தவரின் மரக்காலில் அதே அளவில் கூடவில்லை. கூலித் தகராறுகள் வளர்ந்தன. 1967-இல் மன்னார்குடியில் கூலி பற்றி ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டும் அமைதி நிலைக்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் எரிந்து மாண்டனர். அக்கொடுமைக்குக் காரணங்கள் பல. சாதி இருந்தது, நிலவுடைமை இருந்தது, சங்கம் சேரும் உரிமை பற்றிய பகை இருந்தது. கூலி நெல்லின் அளவும் அவற்றில் ஒன்று. அதன் பின்னரே, கணபதியா பிள்ளை கமிஷனின் அறிக்கையைத் தொடர்ந்து, 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. உற்பத்தியைப் பெருக்கும் திட்டத்தைத் தீட்டியவர்கள், பெருகியதைப் பங்கிடும் முறையையும் அன்றே பேசியிருக்க வேண்டும்.

ஜப்பானியரின் கதையிலும் இந்தப் பகுதி உண்டு. அதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். டொயோடா மோட்டார் நிறுவனம் 1950-இல் கடனில் மூழ்கி ஆட்குறைப்புச் செய்தது. பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையை விட்டு வெளியேறினர். நிறுவனத்தின் தலைவரான கீச்சிரோ டொயோடாவும் பதவியை விட்டு விலகினார். தொழிலாளரிடமிருந்து யோசனைகளைப் பெறும் ஏற்பாடு அங்கே தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு, 1951-இல். 1962-இல் நிர்வாகமும் தொழிற்சங்கமும் ஒருவரையொருவர் நம்பி நடப்பதென்று கூட்டுப் பிரகடனம் செய்தன. தவறு கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம் என்ற புகழ்பெற்ற ஏற்பாடு இத்தகைய நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் உயிரோடிருக்கும். தம் யோசனையால் தம் பிழைப்பே போய்விடும் என்று அஞ்சுகிறவர் யோசனை சொல்வாரா? கயிறு தொங்கிக்கொண்டிருக்கும், யாரும் இழுக்க மாட்டார்கள். நம் மாநிலத்திலேயே, சென்னைப் பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசை இந்தியாவிலேயே முதன்முதலாகப் பெற்றது. ஜப்பானியருக்குச் சரிப்பட்டது நமக்குச் சரிப்படாது என்று இனி யாரும் கூறுவதற்கில்லை.

ஆகவே ஊரில் ஒரு வேலையைச் சுருக்கவோ மாற்றவோ நினைக்கும்போது, அதனால் யாருக்கு வேலைநாள் குறையும் என்று முதலிலேயே கேளுங்கள். குறைகிறவருக்கு வேறு என்ன வேலை தரலாம், மிச்சமாகும் பணத்தில் அவருக்கு என்ன பங்கு என்பதைப் பேசி முடித்த பின்னரே மாற்றத்தைத் தொடங்குங்கள். இதை நிலமுடையவர்கள் மாத்திரம் கூடிப் பேசினால் போதாது. நடவுக்கும் அறுவடைக்கும் வருகிறவர்களின் பிரதிநிதிகள் உட்கார்ந்திருக்க வேண்டும், நின்றுகொண்டல்ல.

வேலைமுறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு சமயத்தில் ஒரு திருத்தம். முதலில் ஒரு வாய்க்கால் அல்லது ஒரு ஏக்கர். மாற்றுவதற்கு முன் இருந்த நிலையை எழுதி வைக்க வேண்டும்: தண்ணீர் கடைசி வயலுக்கு வர எத்தனை மணி நேரம், ஏக்கருக்கு எத்தனை ஆள், மூட்டை எத்தனை நாள் காத்திருந்தது. மாற்றிய பிறகு அதையே மறுபடி அளக்க வேண்டும். அளக்காமல் ‘நன்றாக இருக்கிறது’ என்பதும் ‘பயனில்லை’ என்பதும் ஒன்றுதான், இரண்டும் வாய்ச்சொல். பலித்தால் அதை வழக்கமாக்கி அடுத்ததற்குப் போகலாம். பலிக்காவிட்டால் பழையபடி விட்டுவிட்டு, என்ன கண்டோம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். திறப்பு விழாவும் புகைப்படமும் இதற்குத் தேவையில்லை. அதனாலேயே சில தலைவர்களுக்கு இவ்வேலை ருசிப்பதில்லை என்பதையும் நாங்கள் அறிவோம். தொடங்கி வைத்தவர் இரண்டு மாதம் கழித்து அதே இடத்துக்கு வந்து பார்க்கிறாரா என்பதை ஊர் கவனித்துக்கொண்டே இருக்கிறது. வரவில்லையென்றால் மூன்றாம் மாதம் பழைய வழக்கம் திரும்பிவிடும்.

அதிகாரிகளாகிய எங்களிடமும் நீங்கள் இதையே எதிர்பார்க்கலாம். ஒரு வேலைக்கு மதிப்பீடு தயாரிக்கும் முன் எஞ்சினீயர் வாய்க்காலை நடந்து பார்த்தாரா என்று கேளுங்கள். உங்கள் மனு எந்த மேஜையில் எத்தனை நாள் காத்திருந்தது என்றும் கேளுங்கள். நெல் மூட்டைக்குச் சொன்னது காகிதத்துக்கும் பொருந்தும்.

மதிய உணவுக்குப் பின் நாம் இரு குழுக்களாகப் பிரிந்து போகிறோம். ஒரு குழு பாசன வாய்க்காலைத் தலைப்பு மதகிலிருந்து கடைமடை வரை நடந்து பார்க்கும். ஆற்று மதகில் வேலை பார்க்கும் லஸ்கரும் உடன் வருகிறார். மற்றக் குழு உலர்களத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் போகும். ஒவ்வொருவரிடமும் ஒரு நோட்டுப் புத்தகம் தரப்படும். அதில் உங்கள் யோசனையை எழுத வேண்டாம். அங்கே வேலை செய்கிறவர் ஒருவரிடம் ‘எது தடுக்கிறது?’ என்று கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி வாருங்கள். மாலை ஐந்து மணிக்கு இதே மண்டபத்தில் கூடி, அவற்றை ஒவ்வொன்றாகப் படிப்போம். அவர்களில் வரக்கூடியவர்களையும் அழைத்து வாருங்கள். நாற்காலிகள் போட்டு வைத்திருக்கிறோம்.